டேட்டா வேணுமா சார்?

ஹார்ட் டிஸ்க் மாற்றி ஓ.எஸ். போட ஒரு மாலைப்பொழுது போதும். அதற்கு முன் கடையில் கேட்கும் ஒற்றைக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கிறதா?

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால், சனிக்கிழமை மதியங்களில் நடக்கவே இடம் இருக்காது. மானிட்டர் பெட்டியைத் தோளில் சுமந்து ஒருவர் போகிறார். எதிரே பைக்கில் இரண்டு சி.பி.யு.க்களை நடுவில் இடுக்கியபடி இருவர் வருகிறார்கள். மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிய ஒரு சர்வீஸ் கடை. கண்ணாடி மேசையில் லேப்டாப் ஒன்று குப்புறக் கிடக்கிறது. கழற்றிய ஸ்க்ரூக்கள் ஒரு காந்தத் தட்டில்.

"ஆன் பண்ணா பத்து நிமிஷம் ஆகுது தம்பி. எதைத் தொட்டாலும் சுத்திக்கிட்டே நிக்குது" என்கிறார் கொண்டுவந்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். நான்கைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறாராம். இளைஞர் ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் செருகுகிறார். திரையில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வருகிறது. "டிஸ்க் போகப்போகுது சார். எஸ்.எஸ்.டி. போட்டு, புதுசா ஓ.எஸ். ஏத்திடலாம். சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க" என்றவர், அடுத்த லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்கிறார்: "டேட்டா வேணுமா சார்?"

பெரியவர் திகைக்கிறார். "என்னென்ன இருக்குன்னு தெரியலியே... டி டிரைவ்ல எல்லாம் பத்திரமாத்தான இருக்கும்?"

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் கேட்கக்கூடிய உரையாடல்தான் இது. கேட்க ஒரு நொடி. அதற்கு யோசிக்காமல் சொல்லும் பதிலால் ஒரு வியாபாரத்தின் ஏழு ஆண்டுக் கணக்கும், குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களும், பாதி எழுதிய ஆய்வேடும் ஒரே மாலையில் இல்லாமல் போகலாம். அப்படிப் போயிருக்கின்றன.

இப்போது ஏன் இந்தக் கூட்டம்?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. 2015 ஜூலையில் வந்து பத்தாண்டுகள் ஓடிய ஓ.எஸ். அது. இனி அதில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு வழக்கமான அப்டேட் கிடையாது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். 2017க்கு முன் வாங்கிய லேப்டாப்கள் பெரும்பாலும் இதில் தேறாது. இந்த மாற்றத்தால் உலக அளவில் சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023லேயே கணித்தது.

குப்பைக்குப் போகத் தேவையில்லாதவை அவற்றில் ஏராளம். பல லேப்டாப்களில் பிராசஸர் நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, கீ-போர்டும் நன்றாக இருக்கிறது. மூச்சு வாங்குவது ஹார்ட் டிஸ்க் மட்டுமே.

தட்டு சுற்றும் வேகம்

லேப்டாப்களில் வரும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. நொடிக்கு 90 சுற்று. கேட்க வேகம்தான். ஆனால் வேண்டிய தகவல் வாசிக்கும் முனைக்கு அடியில் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை சரியான தடத்துக்கு நகரும் நேரமும் சேர்ந்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு முறைகூட எட்ட முடியாது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டே இல்லை. அதே வேலையை அது நொடிக்குப் பல ஆயிரம் முறை செய்யும்.

விண்டோஸ் 10 காலத்தில் ஓ.எஸ். பின்னணியில் ஓயாமல் எதையாவது எழுதிக்கொண்டும் தேடிக்கொண்டும் இருக்கப் பழகிவிட்டது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'டிஸ்க் 100%' என்று சிவந்து நிற்பது அதனால்தான். "புது லேப்டாப் வாங்கணும்போல" என்று நினைக்கவைக்கும் மந்தம் பெரும்பாலும் இதுவே. எஸ்.எஸ்.டி. மாற்றினால் பத்து நிமிடம் ஆகிற துவக்கம் அரை நிமிடத்துக்குள் வந்துவிடும். பழைய லேப்டாப்புக்குச் செய்யக்கூடிய செலவுகளில் இதற்கு ஈடான பலன் தருவது வேறில்லை.

> எண்களில் ஹார்ட் டிஸ்க்
>
> முதல் ஹார்ட் டிஸ்க் 1956இல் ஐ.பி.எம். கொண்டுவந்த ராமாக். இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள், ஏறக்குறைய ஒரு டன் எடை. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒன்றிரண்டு படங்களுக்கே அது போதாது.
>
> பழைய எம்.பி.ஆர். முறையில் பிரித்த டிஸ்க்கில் 2 டெராபைட்டுக்கு மேல் பயன்படுத்த முடியாது. பெரிய டிஸ்க் போடுபவர்கள் ஜி.பி.டி. முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
>
> விண்டோஸ் 11 நிறுவும் பென்டிரைவுக்குக் குறைந்தது 8 ஜி.பி. வேண்டும்.

சி டிரைவில் தொலைந்தவை

'டி டிரைவில் இருப்பது பத்திரம்' என்பது நம் ஊரில் வேரூன்றிய நம்பிக்கை. ஃபார்மட் அடிக்கும்போது சி டிரைவை மட்டும் அழித்துப் பழகியதால் வந்தது. சி, டி என்பவை ஒரே டிஸ்க்கின் நடுவே இழுத்த கோடுகள் மட்டுமே. டிஸ்க்கையே கழற்றி வைக்கும்போது இரண்டும் சேர்ந்தே வெளியே போகின்றன. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே பழுதாகின்றன.

அந்தக் கணக்காளரையே எடுத்துக்கொள்வோம். டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருள் தன் டேட்டாவை வழக்கமாக வைப்பது சி டிரைவில், 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் 'பப்ளிக்' என்ற ஃபோல்டரில். டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் காப்பி எடுத்துவிட்டு "டேட்டா எடுத்தாச்சு" என்று ஃபார்மட் அடித்தால், கணக்கு முழுதும் போய்விடும். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் பதிவுகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். டிஸ்க் போய்விட்டது என்று வாயால் சொன்னால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

அடுத்தது டி.டி.பி. கடைகள். தமிழ்நாட்டில் திருமண அழைப்பிதழும் கோயில் நோட்டீஸும் கண்ணீர் அஞ்சலியும் இன்றும் பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்படும் கடைகள் உண்டு. 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள் அது. பல கடைகளில் அதன் சி.டி. தொலைந்து வெகுகாலம் ஆகிறது. நிறுவப்பட்டிருக்கும் அந்த ஒரு கம்ப்யூட்டர்தான் கதி. ஓ.எஸ். மாற்றினால் பேஜ்மேக்கர் போகும். அதைவிடப் பெரிய இழப்பு எழுத்துருக்கள். பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பையாகத் தெரியும். கோப்பு பத்திரமாக இருக்கும், படிக்க முடியாது. கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி 2010இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது உண்மை. அதற்கு முன்னும் பின்னும் பழைய எழுத்துருவில் சேர்ந்துபோன கோப்புகள் இன்னமும் ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளில் கிடக்கின்றன. சிற்றிதழ்கள், ஊர் வரலாறுகள், அச்சேறாத நாவல்கள் எல்லாம் அவற்றில் அடக்கம். ஃபார்மட் அடிப்பதற்கு முன் சி டிரைவின் 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரை அப்படியே காப்பி எடுங்கள் என்று டி.டி.பி. நண்பர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். சில நிமிட வேலைதான்.

இவை தவிர, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக் மெயில் கோப்பு, டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கான டிரைவர், வருடக்கணக்காகச் சேர்த்த புக்மார்க்குகள் என்று, கண்ணுக்குத் தெரியும் ஃபோல்டர்களில் இல்லாதவை பல. ஃபைல்களை மட்டும் எடுத்தால் இவை வராது. அதனால்தான் அனுபவமுள்ள டெக்னீஷியன்கள் பழைய டிஸ்க்கை உடனே துடைக்க மாட்டார்கள். புது எஸ்.எஸ்.டி.யில் ஓ.எஸ். ஏற்றிவிட்டு, பழையதை யு.எஸ்.பி. உறையில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். "ஒரு மாசம் அப்படியே வச்சிருங்க, எது விட்டுப்போச்சோ எடுத்துக்கலாம்" என்பார்கள். அப்படிச் சொல்கிற கடையை விட்டுவிடாதீர்கள்.

முனகும் டிஸ்க்கை என்ன செய்வது?

டிஸ்க் இன்னும் உயிரோடு இருந்தால் குளோன் எடுக்கலாம். ஓ.எஸ்., மென்பொருள், எழுத்துரு, டேலி எல்லாவற்றோடும் புது டிஸ்க்குக்கு அச்சு அசலாக மாறிவிடும். குளோன்சில்லா போன்ற இலவசக் கருவிகள் இதைச் செய்யும். பேஜ்மேக்கர் வைத்திருப்பவருக்கு இதுவே சரியான வழி. வைரஸும் தேவையற்ற மென்பொருள்களும் மண்டிப்போன கம்ப்யூட்டர் என்றால் டேட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக ஓ.எஸ். போடுவதே நல்லது.

டிஸ்க் 'டிக்... டிக்...' என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டால் கதை வேறு. அப்போது மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பதும், 'செக் டிஸ்க்' ஓட்டுவதும் மிச்சமிருக்கும் வாய்ப்பையும் கெடுக்கும். செக் டிஸ்க் கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் கருவி. சாகும் டிஸ்க்கை அது மேலும் வேலை வாங்கும். உடனே நிறுத்திவிட்டு, முக்கியமானதை முதலில் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தரைத்தளங்களில் இருந்த எத்தனையோ கம்ப்யூட்டர்கள் மூழ்கின. வெயிலில் காயவைத்து ஆன் செய்து பார்த்தவர்கள் பலர். வாசிக்கும் முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். உள்ளே காய்ந்த சேறு ஒரு துகள் இருந்தாலும் தட்டைக் கீறிவிடும். நனைந்த டிஸ்க்கை ஆன் செய்யாமல், காயவும் விடாமல், ஈரத்தோடு மூடிய பையில் போட்டு டேட்டா ரெகவரி நிலையத்துக்குக் கொண்டுபோவதே முறை. அரிசி மூட்டை வைத்தியம் இதற்கு உதவாது.

எஸ்.எஸ்.டி. போட்டுவிட்டால் இந்தக் கவலை தீர்ந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் முனகும், மெதுவாகும், எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. பல நேரம் ஒரு சத்தமும் இல்லாமல் ஒரே நாளில் போய்விடும். தவறுதலாக அழித்ததை மீட்பதும் கடினம். அழித்த இடத்தை ஓ.எஸ். 'டிரிம்' என்ற கட்டளை வழியாக உடனே காலி செய்யச் சொல்லிவிடுகிறது. வேகத்தைப் பெறுகிறோம், பேக்கப் எடுக்கும் பொறுப்பும் கூடுகிறது.

கடையில் விட்டுவந்த அந்தரங்கம்

கம்ப்யூட்டரைக் கொடுக்கும்போது பாஸ்வேர்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது இங்கே சர்வசாதாரணம். கனடாவின் குயெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தால் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். உள்ளே நடப்பதைப் பதிவு செய்யும்படி தயார் செய்த லேப்டாப்களைப் பழுதுபார்க்கும் கடைகளில் கொடுத்தார்கள். பதிவுகளைப் படிக்க முடிந்தவை 12. அவற்றில் ஆறில் டெக்னீஷியன்கள் வாடிக்கையாளரின் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். இரண்டில் வெளியே காப்பியும் எடுத்திருந்தார்கள். பேட்டரி மாற்றுவதற்குக்கூடப் பெரும்பாலான கடைகள் பாஸ்வேர்டு கேட்டன என்பதும் அதே ஆய்வில் வெளிவந்தது. பேட்டரி மாற்றவோ டிஸ்க் மாற்றவோ உங்கள் பாஸ்வேர்டு தேவையே இல்லை.

2008இல் ஹாங்காங்கில் ஒரு பிரபல நடிகர் பழுதுபார்க்கக் கொடுத்த லேப்டாப்பிலிருந்து அந்தரங்கப் படங்கள் வெளியே கசிந்தன. அவரோடு படங்களில் இருந்த பெண்களின் வாழ்க்கையையும் தொழிலையும் அது உலுக்கியது. டெக்னீஷியனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. பரவிய படங்களைத் திரும்பப் பெறத்தான் வழி இருக்கவில்லை.

கழற்றிய பழைய டிஸ்க் எங்கே போகிறது என்று நாம் கேட்பதே இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் பழைய ஹார்ட் டிஸ்க்குகளாக 158 வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129இல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. 'குவிக் ஃபார்மட்' ஹார்ட் டிஸ்க்கில் எதையும் உண்மையில் அழிப்பதில்லை. எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் நீக்குகிறது. முழு டிஸ்க்கின் மீதும் ஒருமுறை வேறு எதையாவது எழுதினால்தான் பழையது போகும். பழுதாகி எழுதவே முடியாத டிஸ்க் என்றால் தட்டில் துளை போட்டுவிடுவது மேல்.

எந்த நிலையிலும் பழைய டிஸ்க் உங்கள் பொருள். பில்லோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

'கிராக்' போட வேண்டியதில்லை

டிஸ்க் மாற்றினால் விண்டோஸ் உரிமம் போய்விடும் என்று சொல்லி, திருட்டு விண்டோஸ் ஏற்றிக்கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது. உரிமம் டிஸ்க்கோடு ஒட்டியிருப்பது இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டட் லேப்டாப்களில் உரிம எண் மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. விண்டோஸ் 10, 11இன் டிஜிட்டல் உரிமமும் அந்த மதர்போர்டைச் சார்ந்ததே. அதே பதிப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி நிறுவி, இன்டர்நெட்டில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

'ஆக்டிவேட்டர்' என்ற பெயரில் ஏற்றப்படும் கிராக் நிரல்கள் ஆன்ட்டிவைரஸை நிறுத்தச் சொல்லியே வேலையைத் தொடங்குகின்றன. பாஸ்வேர்டு திருடும் நிரல்கள் இவற்றோடு ஒட்டி வந்தது பலமுறை அம்பலமாகியிருக்கிறது. திருட்டு விண்டோஸில் பலர் அப்டேட்டையும் நிறுத்திவைக்கிறார்கள். அதன் விலையை 2017 மே மாதம் உலகம் பார்த்தது. வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் நிரலின் தாக்குதலில் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்திருந்தது.

விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்புக்கு லினக்ஸ் என்ற இலவச ஓ.எஸ். இருக்கிறது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய மாணவர் லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அது சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவானது. கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே பாடம் நடத்துகின்றன. படிப்பு, பிரவுசர், எழுத்து வேலை என்று இருப்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் போன்றவை முற்றிலும் போதும். தமிழ்99 தட்டச்சும் அதிலேயே உண்டு. டேலியும் சில அரசுத் தளங்களின் கையொப்பக் கருவிகளும் வேண்டியவர்கள் மட்டும் யோசித்து மாற வேண்டும்.

> நீங்களே செய்வதானால்...
>
> வாங்கும் முன் லேப்டாப்பைத் திறந்து பாருங்கள். 2.5 அங்குல சாட்டா இடமா, எம்.2 இடமா? எம்.2 என்றால் சாட்டா வகையா, என்.வி.எம்.இ. வகையா?
>
> பென்டிரைவிலிருந்து துவக்க, டெல், லெனோவோ லேப்டாப்களில் பெரும்பாலும் எஃப் 12, ஹெச்.பி.யில் எஃப் 9.
>
> பதினோராம் தலைமுறை இன்டெல்லும் அதற்குப் பின் வந்தவையும் சில நேரம் நிறுவும்போது டிஸ்க்கையே காட்டாது. எஸ்.எஸ்.டி. பழுதென்று திருப்பிக் கொடுக்க வேண்டாம். இன்டெல் வி.எம்.டி. டிரைவரைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தால் தெரியும்.
>
> விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நிறுவும்போது டிஸ்க்கைத் தானாகவே பூட்டிக்கொள்ளலாம். 48 இலக்க மீட்பு எண் உங்கள் கணக்கில் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பின்னால் டிஸ்க்கைக் கழற்றினால் அந்த எண் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது.

ஏறும் விலை

செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரிச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் 2025 இறுதியிலிருந்து ரேம், எஸ்.எஸ்.டி. விலை ஏறிவருகிறது. மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் பிராண்டின் சில்லறை விற்பனையிலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. வீட்டு உபயோகத்துக்கு எஸ்.எஸ்.டி. வாங்குபவர்கள் நன்கறிந்த பிராண்ட் அது. விலை ஏறும் காலத்தில் போலிகளும் பெருகும். நம்ப முடியாத விலையில் 2 டெராபைட் என்று விற்கும் டிஸ்க்குகளில் பல, உண்மையில் சிறு கொள்ளளவைப் பெரிதாகக் காட்டும்படி மாற்றப்பட்டவை. நிரம்பியதும் பழைய ஃபைல்களின் மீதே எழுதி அழித்துவிடும். பேக்கப்புக்கு அப்படி ஒன்றை வாங்குவதைவிட ஆபத்து வேறில்லை. பில்லும் வாரன்டியும் இல்லாமல் வாங்காதீர்கள்.

ஆனாலும் புது லேப்டாப்பின் விலையோடு பார்த்தால் எஸ்.எஸ்.டி. இன்னும் சிறு செலவுதான். 2022இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவைக் கொட்டியது. முறையாகச் சேகரிக்கப்பட்டது கால் பங்குக்கும் குறைவு என்கிறது ஐ.நா. அமைப்புகள் பங்கேற்ற கணக்கெடுப்பு. ஓடக்கூடிய லேப்டாப்பை ஐந்தாறு ஆண்டுகள் கூடுதலாக ஓட்டுவது அந்தக் குவியலைக் குறைக்க வீட்டிலிருந்தே செய்யக்கூடிய காரியம்.

இதில் அரசுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கும்போதே பேக்கப் எடுப்பதையும், டிஸ்க் மாற்றுவதையும், ஓ.எஸ். நிறுவுவதையும் ஒரு நாள் பயிற்சியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சர்வீஸ் கடைகள் ரசீதில் இரண்டு வரி சேர்க்க வேண்டும்: டேட்டா எடுக்கப்பட்டதா, பழைய டிஸ்க் திருப்பித் தரப்பட்டதா. வணிகர் சங்கங்கள் நினைத்தால் நாளையே நடைமுறைக்கு வரக்கூடியது இது.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்துப் பதிவு செய்துகொண்டால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் கட்டணமில்லாமல் கிடைக்கும். அதுவரை கெடு இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் எடுத்து உட்கார்ந்து, உங்களுக்கு வேண்டியவை எங்கெங்கே இருக்கின்றன என்று தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் காப்பி எடுங்கள். எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.